குடலில் அழற்சி, நரம்பில் புரதம்



மேல்வயிற்றுத் தொல்லையோடு வந்த 42 குழந்தைகள். அவர்களின் இரைப்பையிலிருந்தும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியிலிருந்தும் எண்டோஸ்கோப்பி வழியே கிள்ளி எடுத்த கடுகளவு திசுக்கள். ஒரே ஒரு புரதம் மட்டும் நிறமேறித் தெரியும்படி அவற்றுக்குச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். குடற்சுவரில் அழற்சி கூடக்கூட, அங்கே ஓடிய நரம்பிழைகளில் அந்தப் புரதமும் கூடியிருந்தது. அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஸாஸ்லாஃபும் அவருடைய கூட்டாளிகளும் 2017இல் இதை வெளியிட்டார்கள். குழந்தைகளின் வயிற்று உபாதை பற்றிய ஓர் ஆய்வை நரம்பியல் மருத்துவர்கள் எடுத்துப் படித்தார்கள் என்றால், அதற்குக் காரணம் அந்தப் புரதம்தான். அது ஆல்ஃபா சைனூக்ளின். பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் திரண்டு கிடக்கும் புரதம்.

பெரும்பாலும் அறுபதை ஒட்டிய வயதில் கைநடுக்கத்தோடு வெளிப்படும் ஒரு நோயின் அடையாளப் பொருள், பள்ளிக்கூடப் பிள்ளையின் குடலில் என்ன செய்கிறது? இந்த உரை முழுவதும் அந்தக் கேள்வியைத்தான் சுற்றி வருகிறது.

முதலில் இடத்தைப் பார்த்துக்கொள்ளலாம். உணவுக்குழாயில் தொடங்கி ஆசனவாய் வரை செல்லும் பாதையின் சுவருக்குள் நரம்புப் பின்னல்கள் பரவியிருக்கின்றன. தசை அடுக்குகளுக்கு நடுவே இருப்பது அவுவர்பாக் பின்னல். உள்சவ்வுக்குச் சற்றே அடியில் இருப்பது மெய்ஸ்னர் பின்னல். 19ஆம் நூற்றாண்டில் அவற்றை விவரித்த ஜெர்மானிய அறிஞர்கள் இருவரின் பெயர்கள் அவை. இந்தப் பின்னல்களில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பு செல்கள் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். 1899இல் லண்டனில் பெய்லிஸ், ஸ்டார்லிங் என்ற இரு உடலியங்கியல் அறிஞர்கள், வெளியிலிருந்து குடலுக்கு வரும் நரம்புகளைத் துண்டித்த பிறகும் குடல் தன் வேலையைத் தானே செய்வதைக் காட்டினார்கள். ஓரிடத்தைத் தொட்டால் அதற்கு மேற்பகுதி சுருங்குகிறது, கீழ்ப்பகுதி தளர்கிறது, உள்ளிருப்பது நகர்கிறது. மூளையின் உத்தரவுக்குக் குடல் காத்திருப்பதில்லை.

ஆனால் தொடர்பு அறுந்ததும் இல்லை. மூளையின் அடித்தண்டிலிருந்து கழுத்து, மார்பு வழியாக வயிற்றுக்கு இறங்கும் வேகஸ் நரம்பு இரண்டையும் இணைக்கிறது. அதிலுள்ள இழைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு செய்தியை மேல்நோக்கித்தான் எடுத்துச் செல்கின்றன. மூளை குடலிடம் பேசுவதைவிடக் குடல் மூளையிடம் பேசுவதே அதிகம். அந்தப் பாதை பின்னால் முக்கியமாகும்.

பார்க்கின்சன் நோயும் குடலும் சேர்த்துப் பேசப்படுவது இன்று நேற்று வந்ததல்ல. 1817இல் லண்டன் ஹாக்ஸ்டன் பகுதி மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரை வைத்து எழுதிய சிறு நூலிலேயே மலச்சிக்கல் இடம்பெற்றிருக்கிறது. அந்த ஆறு பேரில் சிலர் அவர் தெருவில் கண்டு கவனித்தவர்கள்தான். வயிறும் குடலும் கெட்டிருப்பது நரம்புத் தண்டை எப்படிப் பாதிக்கிறது என்ற வழியைத் தன்னால் காண முடியவில்லை என்று ஒப்புக்கொண்டபடியே, அந்தச் சாத்தியத்தை அவர் விட்டுவைத்தார். இருநூறு ஆண்டுகளாகப் பாடப்புத்தகங்கள் நடுக்கத்தையும் விறைப்பையும் மெதுநடையையும் விரிவாகச் சொல்லிவிட்டு, மலச்சிக்கலைக் கடைசி வரியில் தள்ளின. அது பெரிய இழப்பு.

1912இல் ஃபிரிட்ஸ் லூயி என்ற ஜெர்மன் மருத்துவர், இறந்துபோன நோயாளிகளின் மூளையில் நரம்பு செல்களுக்குள்ளே உருண்டையான படிவங்களைக் கண்டார். அவர் கண்ட இடங்களில் ஒன்று, வேகஸ் நரம்பு புறப்படும் கரு. நோயின் மையம் என்று நாம் படிக்கும் கருந்திட்டில் அதே உருண்டைகளை 1919இல் பாரிஸில் கண்டு, அவற்றுக்கு லூயியின் பெயரைச் சூட்டியவர் கான்ஸ்டான்டின் டிரெட்டியாகாஃப். அந்த உருண்டைகள் எதனால் ஆனவை என்பது எழுபத்தெட்டு ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. 1997இல் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. தெற்கு இத்தாலியின் கோந்துர்சி ஊரைப் பூர்விகமாகக் கொண்ட ஒரு பெருங்குடும்பத்திலும் சில கிரேக்கக் குடும்பங்களிலும் தலைமுறை தலைமுறையாக வந்த பார்க்கின்சனுக்குக் காரணம், ஆல்ஃபா சைனூக்ளின் மரபணுவில் ஏற்பட்ட ஓர் எழுத்துப் பிழை என்று அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். சில வாரங்களிலேயே கேம்பிரிட்ஜிலிருந்து மரியா கிராசியா ஸ்பில்லந்தீனியும் மிக்கேல் கோடெர்ட்டும் லூயி உருண்டைகளில் நிறைந்திருப்பது அதே புரதம்தான் என்று சாயமிட்டுக் காட்டினார்கள்.

140 அமினோ அமிலங்கள் கோத்த சின்னப் புரதம் அது. நரம்பு செல் தன் முனையில் வேதிச் செய்திகளைப் பொதிந்து வைத்திருக்கும் பைகளோடு ஒட்டி உறவாடுகிறது. தனக்கென்று நிலையான உருவம் இல்லாமல் தளர்ந்த நூலாகத் திரியும். சவ்வைத் தொட்டால் சுருளாக மடியும். சூழல் கெட்டால் தட்டையாக மடிந்து ஒன்றோடொன்று ஒட்டி இழையாகும். தவறாக மடிந்த ஒன்று பக்கத்தில் உள்ள நல்லதையும் தன் போலவே மடியச் செய்கிறது. காய்ச்சிய பாலில் விட்ட ஒரு துளி உறைமோர் செய்யும் வேலை இது. 2008இல் இதற்குத் திடுக்கிடும் சான்று கிடைத்தது. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் பத்தாண்டுகளுக்கும் முன்பு பொருத்தப்பட்ட இளம் கரு நரம்பு செல்களில், நோயாளி இறந்த பின் பார்த்தபோது, லூயி உருண்டைகள் இருந்தன. நோயாளியின் பழைய செல்களிலிருந்து புதிய செல்களுக்கு ஏதோ தொற்றியிருக்கிறது.

இதற்குள் ஃபிராங்ஃபர்ட்டில் ஹைக்கோ பிராக் என்ற உடற்கூற்றியலாளர் மூளைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். 2003இல் அவர் வெளியிட்ட படிநிலைக் கணக்கின்படி, பலரிடம் இந்தப் புரதத் திரட்சி கருந்திட்டில் தொடங்கவில்லை. வேகஸ் நரம்பின் கருவிலும் மோப்ப நரம்பின் பகுதியிலும் முதலில் தோன்றி, பிறகே மேலேறுகிறது. அப்படியானால் வேகஸ் கருவுக்கு அது எங்கிருந்து வந்தது? குடலிலிருந்து வந்திருக்கலாம் என்றார் பிராக். குடற்சுவரைத் தாண்டி உள்ளே வரும் இன்னதென்று தெரியாத ஒன்று நரம்பு நுனியில் இந்த மடிப்பைத் தொடங்கி வைக்கிறது என்பது அவருடைய ஊகம். அவுவர்பாக், மெய்ஸ்னர் பின்னல்களிலும் அதே திரட்சியை அவர் குழு 2006இல் காட்டியது.

குடலில் அந்தப் புரதம் ஏன் கூடவேண்டும் என்பதற்குப் பிராக்கிடம் விடை இல்லை. அழற்சி இங்கேதான் கதைக்குள் வருகிறது.

ஸாஸ்லாஃப் நரம்பியலாளர் அல்லர் என்பது இந்த ஆய்வுக்கு நன்மையாக முடிந்தது. 1987இல், அறுவை செய்து அழுக்குத் தொட்டியில் விட்ட ஆப்பிரிக்கத் தவளைகளின் காயம் சீழ் பிடிக்காமல் ஆறுவதைக் கவனித்து, அவற்றின் தோலில் நுண்ணுயிர்க்கொல்லிப் பெப்டைடுகளைக் கண்டெடுத்தவர் அவர். உடல் தன்னைக் காத்துக்கொள்ள எதை எல்லாம் சுரக்கிறது என்று தேடுவதே அவருடைய வாழ்நாள் பழக்கம். எல்லோரும் நோயின் குப்பை என்று பார்த்த புரதத்தை, இது எதற்காகவோ அங்கே அனுப்பப்பட்டிருக்கிறது என்று அவரால் பார்க்க முடிந்தது.

அவருடைய குழு இன்னொரு கூட்டத்தின் திசுக்களையும் எடுத்துக்கொண்டது. குடல் மாற்று அறுவை செய்துகொண்ட குழந்தைகள். மாற்றுக் குடலை உடல் நிராகரிக்கிறதா என்று பார்க்க இவர்களுக்கு அடிக்கடி பயாப்சி எடுப்பார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுவதால் தொற்றும் எளிதில் வரும். இவர்களில் நோரோ வைரஸ் தொற்றியவர்களின் குடல் நரம்புகளில், தொற்றுக் காலத்தில் ஆல்ஃபா சைனூக்ளின் தூண்டப்பட்டுத் தோன்றியது. வாந்தியும் பேதியுமாகச் சில நாள் படுத்தி எடுத்துவிட்டுப் போகும் மிகச் சாதாரணமான வைரஸ் அது. ஒரு விஷயம் இங்கே கவனிக்கத் தக்கது. மாற்றிப் பொருத்திய குடலில் வேகஸ் உள்ளிட்ட வெளிநரம்புகளின் இணைப்பு அறுவையின்போதே அறுபட்டிருக்கும். ஆகவே அந்தப் புரதம் மூளையிலிருந்து வழிந்து வந்தது என்று சொல்ல இடமில்லை. குடலின் சொந்த நரம்புகளே அதை உண்டாக்கின என்று கொள்வதே பொருத்தம்.

அடுத்துச் சோதனைக்கூடத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். ஆல்ஃபா சைனூக்ளினை ஒரு பக்கம் வைத்தால் நியூட்ரோஃபில், மோனோசைட் ஆகிய வெள்ளணுக்கள் அதை நோக்கி நகர்ந்தன. தனித்தனி மூலக்கூறாக இருந்தாலும் சிறு கூட்டமாக ஒட்டியிருந்தாலும் இந்த ஈர்ப்பு இருந்தது. எதிரியின் துணுக்கை மற்ற அணுக்களுக்கு எடுத்துக் காட்டும் டென்ட்ரிடிக் செல்களையும் அது முதிரச் செய்தது. ஆக, தாக்குண்ட குடலில் நரம்பு வெறும் பார்வையாளராக இல்லை. வெள்ளணுக்களை அழைக்கும் குரலாக இந்தப் புரதத்தை வெளியிடுகிறது என்பது ஸாஸ்லாஃப் குழுவின் வாதம். மூளையிலிருந்தும் இதற்கு ஓர் ஆதரவு உண்டு. இந்தப் புரதத்தின் மரபணு நீக்கப்பட்ட எலிகள் வெஸ்ட் நைல் வைரஸுக்கு மற்ற எலிகளைவிட எளிதாகப் பலியாயின என்று கொலராடோ ஆய்வாளர்கள் ஏற்கெனவே காட்டியிருந்தார்கள்.

இவ்வளவும் தெளிவாக இருப்பதுபோல் தோன்றும் இடத்தில் பிரான்சின் நாந்த் நகரிலிருந்து ஒரு முரண் வந்தது. குடல் நரம்பு நோயியலில் நீண்ட அனுபவமுள்ள பாஸ்கல் டெர்கின்டெரன் குழு அது. வளர்ப்புத் தட்டில் இருந்த குடல் நரம்பு செல்களின் மேல் அழற்சிப் பொருள்களை விட்டுப் பார்த்தார்கள். எலிகளுக்குத் திடீர்ப் பெருங்குடல் அழற்சி உண்டாக்கியும் பார்த்தார்கள். ஆல்ஃபா சைனூக்ளின் கூடவில்லை, குறைந்தது. அதே குழு 2019இல் கிரோன் நோயாளிகளின் பெருங்குடல் திசுவைப் பார்த்தபோது புரதம் கூடியிருந்தது. கிரோன் என்பது வந்து போகும் அழற்சி அல்ல. ஆண்டுக்கணக்கில் தணிந்தும் கிளர்ந்தும் தொடர்வது.

இந்த முரணை இரண்டு தரப்பில் ஒன்று தவறு என்று தீர்த்துவிடலாம். அது அவசரம். எலியும் மனிதனும் வேறு, தட்டில் வளரும் செல்லும் குடற்சுவரில் இருக்கும் செல்லும் வேறு, வைரஸ் தொற்றும் ரசாயனத்தால் உண்டாக்கிய புண்ணும் வேறு. இவற்றை எல்லாம் கழித்த பிறகும் ஒரு பொருள் எஞ்சுகிறது. அழற்சி எவ்வளவு கடுமை என்பதைவிட அது எவ்வளவு காலம் நீடித்தது என்பதே குடல் நரம்பின் புரதத்துக்கு முக்கியமாக இருக்கலாம். இந்த உரையின் நிலைப்பாடும் அதுவே. எச்சரிக்கையாக எழுந்து தணிந்துவிடும் புரதத்தால் கெடுதி இல்லை. எழுந்தது தணியாமல் நாள்பட நிற்கும்போதுதான் உறையும் வேலைக்கு நேரம் கிடைக்கிறது.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், ரோச் நிறுவனத்தின் மார்க்குஸ் பிரிட்ஷ்கி குழு செய்த எலி ஆய்வு இந்தக் கால அளவைக் கண்முன் நிறுத்துகிறது. மனித ஆல்ஃபா சைனூக்ளின் மரபணு ஏற்றிய இளம் எலிகளுக்குக் குடிநீரில் டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் கலந்து பெருங்குடல் அழற்சி உண்டாக்கினார்கள். குடலின் மெய்ஸ்னர் பின்னலில் புரதத் திரட்சி கூடியது. பிறகு அழற்சியை ஆறவிட்டு எலிகளை வளர்த்தார்கள். 9 மாத வயதில் மூளையில் பெரிதாக ஒன்றும் இல்லை. 21 மாத வயதில், அதாவது எலிக்கு முதுமை வந்தபோது, நடுமூளையில் திரட்சி. கருந்திட்டில் டோபமீன் செல்களின் இழப்பு. இளமையில் வந்த குடல் நோய்க்கு மூளை முதுமையில் கணக்குக் கொடுத்தது.

திரட்சியை எது தொடங்கி வைக்கிறது? அழற்சி நடக்கும் திசுவில் வெள்ளணுக்கள் ஆக்சிஜன், நைட்ரஜன் சார்ந்த வீரியமான மூலக்கூறுகளை உமிழ்கின்றன. அவை புரதத்தின் அமினோ அமிலங்களில் ஒட்டி அதன் மடிப்பைக் குலைக்கின்றன. அழற்சியின்போது விழித்துக்கொள்ளும் காஸ்பேஸ் 1 என்ற நொதி, ஆல்ஃபா சைனூக்ளினின் வால்பகுதியை வெட்டிவிடுகிறது; வால் போன துண்டு முழுப் புரதத்தைவிட விரைவாக ஒட்டுகிறது என்று 2016இல் காட்டப்பட்டது. 129ஆம் இடத்து செரீனில் பாஸ்ஃபேட் ஏறுவது இன்னொன்று. இயல்பான மூளையில் சில விழுக்காடு மூலக்கூறுகளில் மட்டும் காணும் இந்த மாற்றம், லூயி உருண்டைகளில் இருப்பவற்றில் 90 விழுக்காட்டில் இருக்கிறது. திரண்ட புரதமோ, பக்கத்து நோயெதிர்ப்பு அணுக்களின் டோல் வகை ஏற்பிகளைத் தட்டி மேலும் அழற்சியைக் கிளப்புகிறது. சுழல் இங்கே மூடிக்கொள்கிறது. நரம்பு அழைக்க வந்த அணுக்கள் நரம்பையே தாக்க, தாக்கப்பட்ட நரம்பு மேலும் அழைக்கிறது.

இந்தப் புரதத்தோடு மட்டும் கதை நிற்பதில்லை. பெருங்குடல் அழற்சியில் நரம்பு செல்களே சாகின்றன. உடைந்த செல்களிலிருந்து கசியும் ஏடிபி என்ற மூலக்கூறு, குடல் நரம்பின் மேலுள்ள ஓர் ஏற்பியைத் திறந்துவிட்டு அதை மாய்க்கும் வழியைக் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தார் 2012இல் கண்டார்கள். நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் டேனியல் முசிடா குழு 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒரு குடல் தொற்றுக்குப் பின் எலிகளின் குடல் நரம்பு செல்கள் குறைந்தன. தசை அடுக்கில் தங்கியிருக்கும் மேக்ரோபேஜ் அணுக்கள் அந்த இழப்பைத் தடுக்கப் போராடின. பேதி நின்ற பிறகும் மாதக்கணக்கில் வயிறு சரியில்லை என்று சொல்லும் நோயாளிகளை மருத்துவர்கள் மனப்பிரமை என்று அனுப்பிவிடுவது இனியாவது நிற்க வேண்டும்.

கிருமியே நேரடியாகவும் வரலாம். 2019இல் மான்ட்ரியல் ஆய்வாளர்கள் பிங்க் 1 மரபணு இல்லாத எலிகளுக்கு ஒரு குடல் பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். அந்த மரபணு கெட்டால் மனிதருக்கு இளவயதிலேயே பார்க்கின்சன் வரும். எலிக்கோ சும்மா இருந்தால் ஒன்றும் ஆவதில்லை. தொற்று வந்து ஆறிய பின் இந்த எலிகளின் அசைவு தடுமாறியது. பார்க்கின்சன் மருந்தான லீவோடோபா கொடுத்ததும் சீரானது. மரபும் தொற்றும் கைகோத்தால் நோய் வரலாம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் எலி ஆய்வு அரிது.

குடலில் உறைந்தது மூளைக்கு ஏற முடியுமா? ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வலினா டாசன், டெட் டாசன், ஹான்சியோக் கோ ஆகியோர் 2019இல், தவறாக மடிந்த புரத இழைகளை எலியின் இரைப்பை முடிவிலும் சிறுகுடல் தொடக்கத்திலும் தசைக்குள் ஊசியால் ஏற்றினார்கள். ஒரு மாதத்தில் வேகஸ் கருவில் திரட்சி. சில மாதங்களில் கருந்திட்டில். பிறகு அசைவுக் குறைவு, மோப்பக் குறைவு. வேகஸ் நரம்பை முன்பே அறுத்துவிட்ட எலிகளில் இவை வரவில்லை. ஆல்ஃபா சைனூக்ளின் மரபணுவே இல்லாத எலிகளிலும் வரவில்லை. பாதையும் வேண்டும், பாதையில் உறைவதற்கான பாலும் வேண்டும்.

மனிதரிடம் இதைச் செய்து பார்க்க முடியாது. ஆனால் அல்சருக்கு நல்ல மாத்திரைகள் வருவதற்கு முந்தைய காலத்தில், அமிலச் சுரப்பைக் குறைக்க வேகஸை அறுப்பது வழக்கமான அறுவையாக இருந்தது. டென்மார்க்கின் பதிவேடுகளை ஆராய்ந்து 2015இல் வந்த கட்டுரை, முழு வேகஸும் அறுபட்டவர்களுக்கு இருபது ஆண்டுகள் கழிந்த பின் பார்க்கின்சன் குறைவாக வந்ததாகச் சொன்னது. ஸ்வீடன் தரவும் 2017இல் ஒட்டிப் பேசியது. அதே டென்மார்க் தரவை வேறு முறையில் அலசியவர்களுக்கு அந்த வேறுபாடு கிடைக்கவில்லை. குடல்வாலிலும் இதே இழுபறிதான். ஆரோக்கியமான மனிதர்களின் குடல்வாலிலேயே திரண்ட ஆல்ஃபா சைனூக்ளின் இருப்பதை 2018இல் காட்டிய ஆய்வு, குடல்வால் நீக்கப்பட்ட ஸ்வீடன் மக்களுக்குப் பார்க்கின்சன் 19 விழுக்காடு குறைவு என்றது. அடுத்த ஆண்டே ஓர் அமெரிக்கத் தரவு நேர்மாறாகச் சொன்னது. குடல்வாலை எடுத்துவிட்டால் நடுக்கம் வராது என்று எவரேனும் சொன்னால் நம்பத் தேவையில்லை.

நாள்பட்ட குடல் அழற்சி நோயாளிகளைப் பற்றிய கணக்கு இன்னும் உறுதியானது. நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவப் பள்ளியின் இங்கா பீட்டர் குழு, காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து கிரோன், அல்சரேட்டிவ் கொலைடிஸ் உள்ள 1,44,018 பேரை எடுத்து, ஒத்த வயதுடைய 7,20,090 பேரோடு ஒப்பிட்டு 2018இல் வெளியிட்டது. குடல் அழற்சி உள்ளவர்களுக்குப் பார்க்கின்சன் 28 விழுக்காடு கூடுதல். அதைவிட முக்கியமானது அடுத்த கண்டுபிடிப்பு. டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்து பெற்றவர்களுக்கு, பெறாத அழற்சி நோயாளிகளைவிட 78 விழுக்காடு குறைவு. அந்த ஊசி மருந்துகள் பெரிய மூலக்கூறுகள். மூளையின் தடுப்புச் சுவரை இயல்பாகத் தாண்டுவதில்லை. பலன் உண்மையென்றால் அது உடலின் கீழ்ப்பகுதியிலேயே விளைந்திருக்கவேண்டும். அதே ஆண்டில் அதே நிறுவனத்தார் பங்கேற்ற மரபணு ஆய்வு, பார்க்கின்சனுக்குப் பேர்போன எல்ஆர்ஆர்கே 2 மரபணுவின் ஒரு வடிவம் கிரோன் நோய்க்கும் ஆபத்தைக் கூட்டுவதைக் காட்டியது. ஒரே மரபணு இரண்டு நோய்க்கும் கதவு திறக்கிறது என்றால், அழற்சி காரணமா அல்லது இரண்டும் ஒரே வேரின் கிளைகளா என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

28 விழுக்காடு என்ற எண்ணைக் கேட்டு எவரும் அஞ்ச வேண்டாம். பார்க்கின்சன் வரும் வாய்ப்பே மிகச் சிறியது. அதில் கால்பங்கு கூடினாலும் கிரோன் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர்க்கு அது வரப்போவதில்லை. பார்க்கின்சன் நோயாளிகளில் பெரும்பாலோர்க்குக் குடல் அழற்சி நோய் இருந்ததும் இல்லை. டென்மார்க் ஆர்ஹுஸ் நகரின் பெர் போர்க்ஹாமர், நோயை இரண்டு வகையாகப் பிரிப்பது இதனால்தான் அறிவுடைமையாகப் படுகிறது: உடலில் தொடங்கி மேலேறுவது, மூளையிலேயே தொடங்குவது. முதல் வகையினருக்கு மலச்சிக்கலும், கனவில் கைகால் வீசி உதைக்கும் தூக்கக் கோளாறும் பல ஆண்டு முன்பே வந்துவிடுகின்றன. ஹவாயில் 6,790 ஜப்பானிய வம்சாவளி ஆண்களை 24 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், தினம் ஒரு தடவை மலம் கழித்தவர்களைவிட அதற்கும் குறைவாகக் கழித்தவர்களுக்குப் பார்க்கின்சன் 2.7 மடங்கு வந்தது. மலச்சிக்கல் உள்ள எல்லோருக்கும் என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த 6,790 பேரில் நோய் வந்தவர்களே 96 பேர்தான்.

நோய் வந்த பின்பும் குடலை மறந்தால் வைத்தியம் தோற்கும். லீவோடோபா சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. இரைப்பை மந்தமாகக் காலியானால் மாத்திரை அங்கேயே கிடக்கும். போகும் வழியில் என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் என்ற குடல் பாக்டீரியா அதைத் தின்று டோபமீனாக்கிவிடுவதை 2019இல் இரண்டு குழுக்கள் காட்டின. இங்கே சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. பூனைக்காலி விதையிலிருந்து லீவோடோபாவை, அதாவது எல் டோபாவை, முதலில் பிரித்தெடுத்து 1937இல் எழுதியவர்கள், சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் கூடத்தின் தாமோதரனும் ராமசாமியும். அது பார்க்கின்சனுக்கு மருந்தாகும் என்று உலகம் அறிய அதன் பிறகு கால் நூற்றாண்டு பிடித்தது.

ஸாஸ்லாஃபும் மருந்து வரை வந்திருக்கிறார். சுறா மீனில் அவர் 1993இல் கண்ட ஸ்குவாலமைன் என்ற பொருள், ஆல்ஃபா சைனூக்ளினைச் செல்சவ்விலிருந்து பெயர்த்து விடுகிறது. அதன் உப்பை மாத்திரையாக்கிப் பார்க்கின்சன் நோயாளிகளின் மலச்சிக்கலுக்குக் கொடுத்த சோதனை, 150 பேரை வைத்து நடந்து 2022இல் வெளியானது. போலி மாத்திரை பெற்றவர்களைவிட அவர்களுக்கு மலம் கூடுதலாகத் தானே கழிந்தது. மருந்தைத் தயாரிக்கும் நிறுவனத்தை நிறுவியவர்களில் அவரும் ஒருவர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இந்த முடிவைப் படிக்கவேண்டும். ஆயினும் குடல் நரம்பு செத்துப்போகவில்லை, புரதம் விலகினால் மறுபடி இயங்கும் என்ற குறிப்பு அதில் இருக்கிறது. அது நம்பிக்கை தருவது.

தமிழ்நாட்டு மாணவர்கள் இதில் செய்யக்கூடியது என்ன என்று கேட்டால், ஒரு திட்டமான பதில் உண்டு. 2012இல் சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் கேத்லீன் ஷானன் குழு, பார்க்கின்சன் வந்த மூன்று பேருக்கு அதற்கு 2 முதல் 5 ஆண்டுகள் முன்பே வேறு காரணத்துக்காக எடுத்த பெருங்குடல் பயாப்சிகளைத் தேடியெடுத்துச் சாயமிட்டது. மூன்றிலும் ஆல்ஃபா சைனூக்ளின் இருந்தது. டென்மார்க்கில் இருபது ஆண்டு பழைய திசுக்கள்வரை சென்று பார்த்தார்கள். இரண்டுக்கும் தேவைப்பட்டவை நோயியல் துறை அலமாரியில் இருந்த மெழுகுக் கட்டிகளும், நோயாளியின் பிற்கால வரலாறும். நம் மருத்துவக் கல்லூரிகளில் அந்தக் கட்டிகள் இருக்கின்றன. மேலை நாடுகளில் அவ்வளவாக இல்லாத ஒன்றும் நம்மிடம் இருக்கிறது: குடல் காசநோய். கிரோன் நோய் போலவே தோற்றமளித்து, அனுபவமுள்ள மருத்துவர்களையே குழப்பும் நோய் அது. மாதக்கணக்கில் கனலும், சரியான மருந்தை ஆறு மாதம் கொடுத்தால் அழற்சி முற்றிலும் தணியும். கிரோனில் தணிவது நிலைப்பதில்லை.

தணியும் அழற்சி ஒன்று, தணியாத அழற்சி ஒன்று, இரண்டும் ஒரே குடல் பகுதியில். காலமே காரணம் என்ற எண்ணத்தைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான ஒப்பீடு அமைவது கடினம். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த பயாப்சிகளை இரண்டு கூட்டத்திலிருந்தும் தேர்ந்து, முழு ஆல்ஃபா சைனூக்ளினுக்கு ஒரு சாயமும் 129ஆம் இடத்தில் பாஸ்ஃபேட் ஏறியதற்கு ஒரு சாயமும் இட்டுப் பார்க்கலாம். எந்தக் கண்ணாடித் தகடு எந்த நோயாளியுடையது என்று தெரியாதவர்தான் எண்ணவேண்டும். அழற்சியே இல்லாத குடலும் ஒப்பீட்டுக்கு வேண்டும், ஏனெனில் நல்ல குடலிலும் இந்தப் புரதம் கொஞ்சம் இருக்கும். நரம்பு கிடைக்கும் ஆழத்துக்குத் திசு எடுக்கப்படாத கட்டிகளைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடவேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு, நோயியல், குடல் மருத்துவம், நரம்பியல் ஆகிய மூன்று துறைகள் ஒரு மேசையில் உட்கார்ந்தால், முதுநிலை மாணவர் ஒருவரின் ஆய்வேட்டுக் காலத்துக்குள் இதை முடித்துவிட முடியும்.